ஜக் எப்போதும் நிறைந்தே இருந்தது: ஒரு முதியோர் இல்லத்தின் பராமரிப்பைப் பார்த்த கதை

பின்னணி

இது 2022 செப்டம்பரில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிய விஷயம். இல்லத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் வராது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். முதியோர் இல்லங்களைப் பரிசோதிக்கும் அதிகாரம் எதுவும் எனக்குக் கிடையாது, ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டதால் போனேன், அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்கு அப்போது 78 வயது. தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வயதில் பேர் பதிந்து ஐம்பத்தைந்து வரை கொழுந்து எடுத்தவர். 15 வருடமாகச் சீனி வருத்தம், காலையும் இரவும் இன்சுலின், கூடவே பிரஷர். 2022 ஜனவரியில் பாரிசவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாபகமும் தெளிவு, எந்த மலையில் எந்தக் கங்காணி காலத்தில் எத்தனை கிலோ எடுத்தார் என்று இப்போதும் சொல்வார்.

இளைய மகன் தோட்டத்து லொறி ஓட்டுகிறார், மருமகள் கொழுந்து எடுக்கிறார். அவர்கள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஏற 28 படி. கக்கூஸ் பின்னால் தனியாக, மழை பெய்தால் வழுக்கும். அந்தக் காம்பராவில் ஒரு கட்டிலைப் போட்டால் பிள்ளைகள் படுக்க இடமில்லை. மருமகள் வீட்டில் நின்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு, அப்போது ஒரு நாள் பேருக்கு 1000 ரூபாய். இரண்டு மாதம் சமாளித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. மூத்த மகன் வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை, அவர் இருப்பதே ஒரு சின்ன அறையில் மூன்று பேரோடு. மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். கடைசியில் மகள் அனுப்பும் காசில் மாதம் 28,000 ரூபாய்க்கு ஓர் இல்லத்தில் மார்ச் மாதம் சேர்த்தார்கள்.

சேர்ப்பதற்கு முன் போய்ப் பார்த்திருக்கிறார்கள். தரை பளபளவென்று இருந்தது, வாசலில் பூச்சட்டி, பினைல் வாசம், சுவரில் பதிவுச் சான்றிதழ். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயது தாண்டியவர்களுக்கானது. இப்படியான இல்லங்கள் அதன் கீழ்ப் பதிய வேண்டும், இந்த இல்லம் பதிந்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் என் அம்மாவைச் சேர்க்கப் போயிருந்தால் முதலில் இதைத்தான் பார்த்திருப்பேன்.

அப்புறம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற எண்ணெய் வரிசைக் காலம் வந்தது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை முடியும் வரை யாராலும் போக முடியவில்லை. ஜூலைக் கடைசியில் கியூஆர் அட்டைக்கு அளந்து எண்ணெய் கொடுக்கும் முறை வந்தபோதும் திரிவீலுக்கு வாரத்துக்கு 5 லீட்டர்தான். அதை வைத்து ஹயர் ஓடுவதா, மலையேறி அம்மாவைப் பார்ப்பதா என்று எந்த டிரைவரும் யோசிப்பார். போனில் கேட்டால் இல்லத்தில் சிங்களத்தில் ஒரே பதில், "ஹொந்தய், ஹொந்தய்." நல்லா இருக்கு என்று அர்த்தம்.

ஆகஸ்டில் இளையவர் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். "மிஸ்ஸி, அம்மா என்னமோ மாதிரி இருக்கு. மெலிஞ்சு போச்சு, காலையில தூங்கிக்கிட்டே இருக்கு. ஆனா இடம் நல்ல சுத்தம், எப்ப பாத்தாலும் ஜக் நெறய தண்ணி வச்சிருக்காங்க. ஒரு தடவ வந்து பாருங்களேன்."

முதல் தடவை: சொல்லிவிட்டுப் போனது

செப்டம்பர் 10, சனிக்கிழமை, பின்னேரம் 3 மணி. வருவதாக முதல் நாளே போன் பண்ணியிருந்தோம். இல்லத்தில் 22 பேர், அதில் 8 பேர் தமிழ். பகலில் நான்கு இளம் பெண் பிள்ளைகள் வேலை, இரவில் ஒருத்தி. மேட்ரன் சிங்களப் பெண், ஐம்பது வயதிருக்கும், அன்பானவர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எழுதப்போவதைப் படித்தால் அவரை ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள்.

அம்மாவுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, கம்பளித் தொப்பி மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். பிளேன்டி, அதாவது பால் போடாத தேத்தண்ணி, கொடுத்தார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தது. நானும் தலையாட்டிக்கொண்டே சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருப்பேன், ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்காவிட்டால்.

கட்டிலின் வலது பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. சின்ன அலுமாரி இடது பக்கம். அதன்மேல் ஜக், பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர். ஜக் விளிம்பு வரை தண்ணீர். அவருக்கு வேலை செய்கிற கை வலது கை. இடது கையைத் தூக்கி மடியில் வைக்கவே இன்னொருவர் வேண்டும்.

"தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டேன். "எங்க தாயி, அது அந்தப் பக்கம்ல இருக்கு" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆறு அந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்வது போல் சொன்னார்.

காலையில் நிரப்புகிறார்கள். மறுநாள் காலை நிறைந்திருப்பதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறார்கள். பார்க்க வருபவர்களுக்கு நிறைந்த ஜக் நல்ல பராமரிப்பாகத் தெரிகிறது. ஐந்தரை மாதமாக இதுதான் நடந்திருக்கிறது.

வேலையில் இருந்தபோது ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தது அன்றைக்கு ஞாபகம் வந்தது. அவெடிஸ் டொனபீடியன் என்ற டொக்டர் 1966இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மூன்று இடத்தில் பார்க்கலாம் என்றார்: என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், கடைசியில் ஆளுக்கு என்ன ஆகிறது. கட்டில், தரை, சான்றிதழ், ஜக் எல்லாம் முதல் வகை. குடும்பம் ஒரு மணி நேரத்தில் பார்க்கக்கூடியது அதை மட்டும்தான். அமெரிக்காவில் 2008 முதல் அரசாங்கமே ஒவ்வோர் இல்லத்துக்கும் ஐந்து நட்சத்திரம் வரை போட்டு வெளியிடுகிறது, அதிலும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. நம் பக்கத்துக் குடும்பத்துக்குக் கையில் இருப்பது போன் நம்பரும் பினைல் வாசமும்தான்.

அன்றைக்கு மேட்ரனிடம் எதுவும் சொல்லவில்லை. ஜக்கின் பக்கவாட்டில் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாம் தடவை: சொல்லாமல் போனது

செப்டம்பர் 15, வியாழன், காலை 6.20. வாசலில் நின்று பெல் அடித்தபோது இரவு வேலைக்காரப் பிள்ளைதான் கதவைத் திறந்தாள். இருபது வயதுகூட இருக்காது, கண் சிவந்திருந்தது. நான் அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவந்திருக்கிறேன் என்றேன், அது உண்மையும்தான்.

அம்மா கண் திறக்கவில்லை. உலுக்கினால் முனகினார். நெற்றியில் கை வைத்தேன், அந்தக் குளிரில் வியர்த்து நனைந்திருந்தது. என் பையில் குளுக்கோமீட்டர் இருந்தது. 58.

70க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். தலையணையை உயர்த்தி உட்கார வைத்து, சற்று விழிப்பு வந்ததும், விழுங்குகிறார் என்று பார்த்துக்கொண்டே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து 84. அப்புறம் அவரே கேட்டார், "விடிஞ்சிருச்சா?"

என்ன நடந்தது என்றால், இரவுப் பிள்ளை வேலை முடிந்து போவதற்கு முன் எல்லாருக்கும் இன்சுலின் குத்திவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கம். 5.30க்குக் குத்துகிறாள். காலைச் சாப்பாடு 8 மணிக்கு. இந்த அம்மாவுக்கு எழுதியிருந்தது கலவை இன்சுலின், அதைக் குத்தி அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். இங்கே இரண்டரை மணி நேரம். முதல் நாள் ராச்சாப்பாடு பின்னேரம் 5.30க்கே முடிந்துவிடுகிறது, அதாவது ராச்சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே பதினாலரை மணி நேரம். வெளிநாட்டு விதிகளில் இந்த இடைவெளிக்கு 14 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் போனால் படுக்கும்போது ஏதாவது சாப்பிடக் கொடுத்தாக வேண்டும். இங்கே ஒரு பிஸ்கட்கூட இல்லை. 'காலையில் தூங்கிக்கொண்டே இருக்கிறார்' என்று மகன் சொன்னது தூக்கமே இல்லை.

ஏன் சீனி அளக்கும் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கவில்லை என்று கேட்டேன். விலை ஏறியதால் மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

மருந்து அட்டையைப் பார்த்தேன். வியாழன் காலை, மணி ஏழுகூட ஆகவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளுக்கும் சேர்த்தே சரி போட்டிருந்தது, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. கிளினிக்கில் கொடுத்த பிரஷர் மாத்திரைக் கவரைக் கொட்டி எண்ணினேன். 9 இருக்க வேண்டிய இடத்தில் 19 இருந்தன. கிளினிக் கொப்பியில் இல்லாத ஒரு வெள்ளை மாத்திரையும் இருந்தது, தூக்க மாத்திரை. ஆகஸ்டிலிருந்து இரவில் கொடுக்கிறார்கள். "ஆச்சி ராத்திரி கத்துறா, போர்வையைப் பிடிச்சு இழுத்து இடுப்பில சுத்துறா" என்று காரணம் சொன்னாள் அந்தப் பிள்ளை.

அதை நான் பிறகு பார்த்தேன். போர்வையின் ஓரத்தை வலது கையால் பிடித்து, இரண்டு மடிப்பு மடித்து, இடுப்பில் சொருகப் பார்ப்பார். தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் பார்த்த உடனே புரியும், கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டுகிறார். 39 வருடம் விடியற்காலையில் செய்த வேலை, அதிலும் ஈரமும் குளிரும் உடம்பில் பட்டால் கை தானாகவே அங்கே போகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்தது சிங்களக் கிராமத்தில், படங்கு கட்டுவதை அவள் எங்கே கண்டாள்.

ஏழு மணிக்குக் குளிப்பாட்டும்போது கூட நின்றேன். பின் இடுப்பெலும்பின் மேல் பவுடர் அப்பியிருந்தது. துடைத்துப் பார்த்தால் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குத் தோல் உரிந்திருந்தது, இரண்டாம் நிலைப் படுக்கைப்புண். சுற்றியிருந்த தோல் சூடாகவும் கட்டியாகவும் இருந்தது. புத்தகத்தில் 'சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது' என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத் தோலில் அந்தச் சிவப்புத் தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் தேய்த்து, பவுடர் போட்டு, அந்த இடத்தை அமுக்கிவிடுவதை நாங்களும் ஒரு காலத்தில் வார்டில் செய்தோம், அது நல்லதென்றே சொல்லித் தந்தார்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று பின்னாளில்தான் மாற்றினார்கள். ஆக அந்தப் பிள்ளைகள் செய்தது எங்கள் காலத்துப் பாடம்.

ஜக்கில் தண்ணீர் கோட்டுக்கு மேலேயே இருந்தது.

எடை பார்க்க வேண்டும். இல்லத்துத் தராசு உடைந்து மாதக் கணக்காகிறது. அம்மாவை முச்சக்கர வண்டியில் ஏற்றி, பக்கத்து மரக்கறிக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் நாற்காலியோடு உட்கார வைத்து, அப்புறம் நாற்காலியைத் தனியாக நிறுத்துக் கழித்தோம். அவருக்கு ஒரே சிரிப்பு. "என்னையும் நிறுக்கிறீங்களா? தண்ணிக்கும் சாக்குக்கும் எத்தன கிலோ வெட்டுவீங்க?" என்றார். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிப்பதைத்தான் சொன்னார். கடைக்காரரும் தோட்டத்துப் பிள்ளைதான், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

41 கிலோ. மார்ச்சில் கிளினிக் கொப்பியில் 46. ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கிறது, வயதானவருக்கு அது வயதினால் ஆவதல்ல. சாப்பாடு குறைந்து, எடை குறைந்து, இன்சுலின் மட்டும் மார்ச்சில் எழுதிய அதே அளவில் போய்க்கொண்டிருந்தது.

ஓர் இரவு

மேட்ரனிடம் நேராகவே கேட்டேன், ஓர் இரவு அம்மா பக்கத்தில் இருக்கட்டுமா என்று. மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். "இருங்க மிஸ், எங்களுக்கும் ஒரு கை கிடைக்கும்" என்றார்.

செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. ஒரு கொப்பியில் நேரத்தை மட்டும் குறித்தேன். 8.10க்கு விளக்கணைத்தார்கள். எங்கள் அறையிலும் அடுத்த அறையிலும் சேர்த்து விடியும் வரை 9 தடவை யாரோ கூப்பிட்டார்கள், 3 தடவை ஆள் வந்தது. அதில் ஒன்றுக்கு 40 நிமிடம். அம்மாவின் படுக்கை 11.40க்கு நனைந்தது. நான் மாற்றாமல் பொறுத்திருக்க வேண்டும் என்றுதான் போனேன், அதாவது வழக்கமாக எப்போது மாற்றுகிறார்கள் என்று பார்க்க. அரை மணிக்கு மேல் என்னால் முடியவில்லை, மாற்றிவிட்டேன். மற்ற அறைகளில் மாற்றியது காலை 5 மணிக்கு. அறையில் 13 பாகை குளிர். பம்பர்ஸ் விலை தாங்காமல் அவர்கள் துணிக்கு மாறி நான்கு மாதமாகியிருந்தது.

புரட்டிப் படுக்க வைப்பது இரண்டு மணிக்கு ஒரு தடவையாவது என்பார்கள். அன்றிரவு அந்த இல்லத்தில் யாரையும் யாரும் புரட்டவில்லை. புரட்டவும் முடியாது. 22 பேர், ஒரு பிள்ளை, அவள் பின்னேரம் 6 மணிக்கு வந்து காலை 8 மணிக்குப் போகிறவள். நடுச்சாமம் 12.30க்கு வாங்கில் சுருண்டு படுத்தாள், மூன்றரைக்கு எழுந்தாள். நான் எழுப்பவில்லை.

ஒன்று மட்டும் நெஞ்சில் குத்தியது. அம்மா இரண்டு தடவை "தாகமா இருக்கு, யாராச்சும் தண்ணி தாங்க" என்று கூப்பிட்டார். நான் வேண்டுமென்றே அசையாமல் இருந்தேன். இரண்டாம் தடவை பிள்ளை வந்து, "ஹரி ஹரி ஆச்சி, நிதாகன்ன" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனாள். சரி சரி, தூங்குங்கள் என்கிறாள். ஆச்சி என்ற சொல் இரண்டு பாஷைக்கும் பொது, தண்ணி என்பது அவளுக்குத் தெரியாது. வத்துர என்பது இவருக்குத் தெரிந்திருக்கும், தூக்க மாத்திரை போட்டு அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் வருவது அம்மா பேசிய பாஷைதானே.

எடுத்த முடிவுகள், ஏன்

சிலதைக் காத்திருக்க முடியாது. 15ஆம் தேதியே மகனை வரவழைத்து மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டொக்டர் இன்சுலினைக் குறைத்தார். தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு வாரத்தில் குறைத்து நிறுத்தச் சொன்னார். புண்ணுக்கு மருந்து கட்டும் முறையை எழுதித் தந்தார். நான் கூட இருந்த அந்த இரவுக்கு மறுநாள் காலையே கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டோம். அலுமாரி வலது பக்கம் வந்தது. செலவு ஒரு சதமும் இல்லை, இரண்டு பேர், ஐந்து நிமிடம்.

மற்றதற்குக் குடும்பம் போனிலேயே கூடிப் பேசியது. குவைத்திலிருந்த மகள் அழுதுகொண்டே, உடனே பொலிசுக்குப் போங்கள் என்றார். மூத்தவர் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார், எங்கே வைப்பது என்று கேட்டால் பதில் இல்லை. இளையவர் பேசவே இல்லை. அவர்தான் சேர்த்தவர்.

நான் சொன்னது இது. இதே பக்கத்தில் இதே காசுக்கு வேறு இல்லம் இருந்தால் மாற்றலாம், விசாரித்ததில் கிடைக்கவில்லை. லயத்துக்குத் திரும்பினால் மருமகளின் பேர் போய்விடும், அதுவும் சாப்பாட்டில்தான் வந்து விடியும். இந்த மேட்ரன் இரவு தங்கவிட்டவர், மறைக்க நினைப்பவர் அப்படிச் செய்ய மாட்டார். ஆகவே ஆறு வாரம் தவணை வைப்போம், எழுதிக் கொடுப்போம், எண்களை வைத்துப் பார்ப்போம். எடை 40க்குக் கீழே போனால் அல்லது புண் பெரிதானால் அன்றைக்கே வெளியே எடுத்துவிடுவோம்.

எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கொடுத்து ஒரு பக்கத்தில் எழுதுவித்தேன். குற்றச்சாட்டு மாதிரி இல்லாமல் தேதி, நேரம், எண் மட்டும். கேட்டவை: இன்சுலினைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு பகல் பிள்ளை போட வேண்டும். படுக்கும் முன் ஒரு கோப்பை பாலோ இரண்டு பிஸ்கட்டோ. மாத்திரையை விழுங்கிய பிறகே அட்டையில் சரி. இரவு 10க்கும் 2க்கும் 5க்கும் ஒரு தடவை புரட்டுவது (இரண்டு மணிக்கு ஒரு தடவை என்று எழுதினால் அதையும் முன்கூட்டியே சரி போட்டுவிடுவார்கள் என்று தெரியும்). இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை. தராசையும் ஸ்ட்ரிப்பையும் குடும்பம் வாங்கிக் கொடுக்கும்.

மேட்ரன் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கணக்குக் கொப்பியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். முட்டை வாரத்துக்கு நான்கிலிருந்து ஒன்று. மீன் நின்றுபோய் மூன்று மாதம். அந்த செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. கட்டணத்தை அவர் 28,000இலிருந்து 34,000க்குத்தான் ஏற்றியிருந்தார். "ஏத்தினா பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருவாங்க மிஸ், வீட்டில யார் இருக்காங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சுவரில் ஒட்ட ஓர் அட்டை எழுதினோம், சிங்கள எழுத்திலும் தமிழ் எழுத்திலும். தண்ணி – வத்துர. குளிருது – சீதலய். வலிக்குது – ரிதெனவா. பசிக்குது – படகினி. இரவுப் பிள்ளை அதை மூன்று நாளில் பாடமாக்கிவிட்டாள். எட்டுத் தமிழ் ஆட்கள் மார்ச்சிலும் இருந்தார்கள், அதற்கு முன்பும் இருந்தார்கள். ஓர் அட்டை எழுத யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் அந்த இரவுக்கு முன் தோன்றியிருக்காது.

அடுத்து நடந்தது

கட்டில் திரும்பிய முதல் வாரத்திலேயே ஜக்கில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியது. அதற்கு முன் பிளேன்டியும் சாப்பாட்டு நேரத்துத் தண்ணீரும் சேர்த்து நாளுக்கு 600 மில்லிலீட்டர் அளவில்தான் அவர் உடம்புக்குப் போயிருக்கிறது. இப்போது ஒரு லீட்டரைத் தாண்டியது. இரவில் கத்துவது தூக்க மாத்திரை இல்லாமலே குறைந்தது. தண்ணீர் கிடைத்தால் ஏன் கத்தப்போகிறார்.

எடை உடனே ஏறவில்லை. ஒக்டோபர் நடுவில் 40.5, எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. மருமகள் வாரத்துக்கு ஒரு தடவை ரொட்டியும் கட்டச் சம்பலும், அவித்த முட்டையும் கொடுத்தனுப்பினார். அம்மா கடைப் பாணை (பிரெட்) விரும்ப மாட்டார், காலையில் பாண் வைத்தால் பாதிதான் போகும் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. நவம்பரில் 42, பிப்ரவரியில் 43.5. புண் ஏழு வாரத்தில் மூடியது.

அட்டையில் முன்கூட்டியே சரி போடுவது நவம்பரில் திரும்பவும் தலைகாட்டியது. மாத்திரையை எண்ணிப் பார்த்தபோது இரண்டு கூடுதலாக இருந்தன. மேட்ரனிடம் காட்டினோம், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த ஏச்சுக் கொஞ்சம் அதிகம் என்றே எனக்குப் பட்டது.

இரவு வேலைக்கு ஜனவரியில் இன்னொருத்தியைப் போட்டார்கள், இரவு 10 மணி வரை மட்டும். 10க்கு மேல் பழையபடி ஒருத்திதான். அது மாறவே இல்லை.

2023 சித்திரை வருசத்துக்கு அம்மாவை மூன்று நாள் லயத்துக்குக் கூட்டிப்போனார்கள். 28 படியும் நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து போகிற வருகிற எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். திரும்பும்போது அழுவார் என்று பயந்தார்கள். அவர் அழவில்லை, மகன்தான் அழுதார்.

இன்றைக்கு என்றால் என்ன மாற்றுவேன்

முதலாவது, சேர்க்கும் நாளிலேயே எடையை எழுதி வைத்து மாதாமாதம் போனில் கேட்கச் சொல்லியிருப்பேன். "நல்லா இருக்காவா?" என்று கேட்டால் "ஹொந்தய்" வரும். "எத்தனை கிலோ?" என்று கேட்டால் ஒன்று எண் வரும், அல்லது தராசு உடைந்த கதை வரும். எண்ணெய் இல்லாத அந்த மூன்று மாதத்திலும் போன் வேலை செய்தது.

இரண்டாவது, பார்க்கப் போகும்போது நாற்காலியில் உட்காராமல் கட்டிலிலேயே சாய்ந்து பார்க்கச் சொல்வேன், அவருக்கு வேலை செய்கிற கையை மட்டும் நீட்டி. மகன் ஐந்து நிமிடம் அப்படிச் சாய்ந்திருந்தால் ஜக் எட்டாது என்பது என்னைக் கூப்பிடாமலே தெரிந்திருக்கும்.

மூன்றாவதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு நான் செப்டம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் இல்லத்தை மூடிவிடுவார்கள், 22 பேரும் தெருவுக்கு வருவார்கள் என்று பயந்து, ஆறு வாரம் போகட்டும் என்று தள்ளினேன். அந்த அம்மாவுக்கு நான் இருந்தேன், மகன் இருந்தார், தராசு இருந்தது. அடுத்த அறையில் ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார், பார்க்க வருகிறவர் யாருமில்லை. அந்த இரவு நான் குறித்த 9 கூப்பாட்டில் 4 அவருடையது. நவம்பர் முதல் வாரத்தில் 1990 என்ற நம்பருக்குக் கூப்பிட்டால் வரும் அம்புலன்ஸில் அவரை ஏற்றினார்கள். புண் எலும்பு வரை போயிருந்தது என்று பிறகு மேட்ரன் சொன்னார். அவர் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எழுதினேன். உத்தியோகத்தர் டிசம்பரில் வந்தார், இல்லத்தை மூடவில்லை. பொதுச் சுகாதாரத் தாதியை மாதம் ஒரு தடவை வரச் செய்தார், எல்லாருக்கும் எடைக் கொப்பி போடச் சொன்னார். நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை.

கடைசியாக 2023 ஆகஸ்டில் போனேன். கட்டணம் 38,000 ஆகியிருந்தது, இரண்டு பேரை வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா 44 கிலோ. அந்தப் பெரியவரின் கட்டிலில் புதிதாக ஒரு பாட்டி, வலது பக்கம் விழுந்தவர். அலுமாரி அவருக்கு வலது பக்கத்தில் இருந்தது. மேட்ரனும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்துக் கட்டிலைத் திருப்பினோம்.